எந்த வரியில் தப்பு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் விட்டுவிட்டது, பல்வலி மட்டும் காலி செய்ய மாட்டேன் என்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அலுவலக ஐயாவுக்கும் என் வணக்கம். சிறையிலிருந்து போகும் எந்தக் கடிதமும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே வரும். அவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் விசாரித்தால் மரியாதையாக இருக்காது.

வெப்சைட் வகுப்பு முடிந்துவிட்டது. பன்னிரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதற்கும் இண்டர்நெட் கிடையாது. தண்ணீர் விடாத தொட்டியில் நீச்சல் பழகிய கதைதான். ஆனாலும் பழகிவிட்டேன். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் போடும் டேக் என்ற குறியைத் திறப்பது, மூடுவது, நிறம் கொடுப்பது, பட்டனை அழுத்தினால் ஒரு செய்தி வரவைப்பது வரை தெரியும். "அடிப்படை முடிஞ்சுதே சார், அடுத்து என்ன?" என்று வாத்தியாரைக் கேட்டோம். "இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் எனக்காகச் செஞ்சீங்க. இனிமே நிஜமான ஒரு ஆளுக்கு, அவருக்குத் தேவையான ஒண்ணைச் செய்யுங்க. இண்டர்நெட்ல ஏத்துங்க. நாலு பேர் பார்த்துக் குறை சொல்லணும். குறை சொன்னா மூஞ்சியைத் தூக்காம, எந்த வரியில தப்புன்னு தேடுங்க" என்றார். சொல்லிவிட்டு அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார். ஏப்ரல் கடைசியில்தான் மறுபடி திறப்பார்களாம்.

நான் யோசித்து வைத்திருக்கும் நிஜமான ஆள் அத்தான். அவருடைய வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு ஒரு வெப்சைட். நான் கோடு போட்ட தாளில் அதற்கான கம்ப்யூட்டர் கோட் முழுவதையும் எழுதி அனுப்புகிறேன். நீ ஒரு எழுத்து மாறாமல் டைப் செய்து இண்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். எப்படி ஏற்றுவது என்றும் எழுதுகிறேன்.

இன்னொன்று. ஜூலையில் என் மனு விசாரணைக்கு வருகிறது. பிரேக் பிடிக்காததால்தான் நான் ஓட்டிய வேன் சுவரில் மோதியது என்று கோர்ட்டில் சொன்னதையே வக்கீல் திரும்பவும் எழுதியிருக்கிறார். கூடவே நல்ல நடத்தை, கற்ற தொழில். நான் செய்த வெப்சைட் ஒன்று ஓடுகிறது என்று காட்டினால் கடைசி எட்டு மாதத்தைக் குறைப்பார்கள் என்கிறார்.

அத்தானின் கைக்கு இது ஈடாகாது. அது எனக்குத் தெரியும் அக்கா. ஆனால் என்னிடம் இருப்பது இதுதான்.

உன் தம்பி
வாலு


ஜனவரி 29

வாலுவுக்கு,

நாங்கள் நலம். பல்லை டாக்டரிடம் காட்டு. சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த மாதிரி அங்கேயும் ஒளியாதே.

கடிதத்தை இனி வீட்டுக்குப் போடாமல் நான் வேலை பார்க்கும் கிளினிக் விலாசத்துக்குப் போடு. வரவேற்பு மேசையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. மதியம் கூட்டம் குறையும்போது டைப் செய்ய வசதி.

கடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிளினிக் முடிந்ததும் சாயங்காலம் ஆறு மணிவரை நானும் அங்கேதான். அத்தானுக்கு வலது கையில் மூன்று விரல் இன்னும் மடங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் திருகுகிறேன். "இடப்பக்கம், இடப்பக்கம், அது உன் இடப்பக்கம் இல்ல, மெஷினோட இடப்பக்கம்" என்று கத்துவார். இப்போது பெல்ட் மாற்ற எனக்கே தெரியும். சத்தம் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார், அது மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது.

வெப்சைட் விஷயம் சொன்னேன். செய்யட்டும் என்றார்.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது எழுபது வயதுக்காரன் மாதிரி சிரிக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து குனிந்து மெஷின் திருகினால் அது எங்கே போகும்? ஐயாவுக்கும் வணக்கம், அடுத்து வரும் ஏழு தாளும் ரகசியச் செய்தி இல்லை, வெப்சைட் கோட்.

"செய்யட்டும் என்றார்" என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். இரண்டு வருடமாக அத்தான் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக நீ எழுதியதில்லை. நானும் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் இல்லாமல் கோட் எழுதுவது எப்படி என்று கேட்பாய். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தை மனதில் வரைகிறேன். மேலே நீலப் பட்டையில் கடையின் பெயர், கீழே என்னென்ன ரிப்பேர், நடுவில் கூப்பிடுவதற்கு ஒரு மஞ்சள் பட்டன். என் அறையில் இருக்கும் தையற்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறார். அவருக்குக் கோட் தெரியாது, ஆனால் "இங்க தொறந்தியே, எங்க மூடின?" என்று கேட்டே என்னைத் திணற அடிக்கிறார்.

எப்படி வந்திருக்கிறது என்று எனக்கு எழுது. புகழ வேண்டாம், குறை சொல். போனில் எப்படித் தெரிகிறது என்றும் பார்.

உன் தம்பி
வாலு


மார்ச் 9

வாலுவுக்கு,

எல்லோரும் நலம். முதுகுவலி அப்படியேதான், அதோடு பழகிவிட்டேன்.

நீ அனுப்பியதை டைப் செய்தேன். மிக அழகாக வந்திருக்கிறது. நீலப் பட்டை எடுப்பாக இருக்கிறது, மஞ்சள் பட்டன் பிரமாதம். கிளினிக்கில் பார்த்தவர்கள் யார் செய்தது என்று கேட்டார்கள். தம்பி என்றேன். குறை என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. போனிலும் நன்றாகவே தெரிகிறது.

கடையில் நான்கு மெஷின் வரிசையில் நிற்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமோ சுகம். உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தையற்காரர் கை தட்டினார், ஐயா கூட முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவரும் படித்திருப்பார் அல்லவா!

இத்துடன் இரண்டாம் பக்கம், ஒன்பது தாள். இது ஒரு ஃபார்ம். வாடிக்கையாளர் பெயர், தெரு, மெஷின் செய்யும் சத்தம் ஆகியவற்றை எழுதுவார். சத்தத்துக்குத் தனிப் பெட்டி வைத்திருக்கிறேன்: கடகட, கீச், ஊம், சத்தமே இல்லை. போவதற்கு முன்பே அத்தான் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம், சும்மா மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம். இது அத்தானுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிடித்ததா என்று கேட்டு எழுது. மனுவில் சேர்க்க வெப்சைட் விலாசமும் வேண்டும் என்று வக்கீல் அவசரப்படுத்துகிறார்.

பார்வையாளர் நாளில் உன்னை எதிர்பார்ப்பதில்லை. கடை இருக்கிறது, வேலை இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

வாலு


மே 2

அக்காவுக்கு,

நலம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. முதலில் உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை.

போன வாரம் வகுப்பு அறையைத் திறந்தார்கள். என் முறை வந்ததும் உனக்கு அனுப்பிய முதல் பக்கத்தை என் நகலைப் பார்த்து அப்படியே டைப் செய்தேன். உனக்கு எப்படித் தெரிந்ததோ அதையே நானும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

திரை வெள்ளையாக வந்தது. நீலப் பட்டை இல்லை, மஞ்சள் பட்டன் இல்லை, ஒரு புள்ளி கூட இல்லை. தாளைத் தையற்காரரிடம் காட்டினேன். ஐந்தாவது வரியில் விரலை வைத்து, "இந்தத் தலைப்பைத் தொறந்துட்டு மூடவே இல்லையேப்பா" என்றார். அவர் கண்ணுக்கும் அன்றைக்குத் தப்பிவிட்டது. தலைப்பு டேகை மூடாவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் தலைப்பு என்றே நினைத்து விழுங்கிவிடும். பக்கம் வெறும் வெள்ளைதான்.

உனக்கு அனுப்பிய தாளிலும் அதே தப்பு. அப்படியென்றால் நீ பார்த்த நீலப் பட்டை எங்கே இருந்தது அக்கா? மஞ்சள் பட்டன் பிரமாதம் என்று எழுதினாயே?

நீ டைப் செய்யவே இல்லை. நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் அறை முழுக்கப் படித்துக் காட்டினேன். ஜூலை எட்டாம் தேதி விசாரணை. கையில் வெப்சைட்டும் இல்லை, விலாசமும் இல்லை. அதைவிட, செய்யட்டும் என்று அத்தான் சொன்னதாவது உண்மையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

தம்பி


மே 19

என் வாலுவுக்கு,

உடம்பு நலம். மனதைக் கேட்காதே.

செய்யட்டும் என்று அத்தான் சொன்னதாக எழுதியதும் பொய்தான். உன் அத்தானிடம் நான் எதுவுமே சொல்லவில்லை. உனக்குக் கடிதம் எழுதுவதையே சொல்லவில்லை. அவர் முன்னால் உன் பேரை எடுத்தால் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். வீட்டில் நான் உன் பேரைச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் கடைக்கு அவருக்குத் தெரியாமல் எப்படி வெப்சைட் போடுவேன்? உன் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு வரி அடிப்பேன், அழித்துவிடுவேன். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அங்கே ஒரு வாரமாவது நீ சந்தோஷமாக இருப்பாய் என்று நினைத்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன்.

இப்போது கேள். உன் மே மாதக் கடிதம் வந்த அன்று அத்தான் விரல் பயிற்சிக்காகக் கிளினிக்குக்கு வந்திருக்கிறார். எங்கள் கிளினிக் காவலாளிக்கு நல்ல மனசு. "மேடத்துக்கு லெட்டர் வந்திருக்கு, நீங்களே குடுத்துடுங்க" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். பிரித்த உறைதானே, நின்றபடியே படித்திருக்கிறார்.

என் மேசைக்கு வந்து அதை வைத்தார். "இது எத்தனையாவது?" என்றார்.

"இந்த வருஷத்துல நாலாவது."

"மத்த மூணும் எங்க?"

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கோட் தாளையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. ஒரு வாரமாகிறது, "உப்பு எங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. தாள்கள் கடையில் அவர் மேசையில் இருக்கின்றன, மேலே ஒரு மோட்டாரைத் தூக்கி வைத்திருக்கிறார். அதை எடுக்க எனக்குத் தைரியமில்லை.

உன்னிடமும் பொய் சொன்னேன், அவரிடமும் மறைத்தேன். இரண்டு பேரையும் காப்பாற்றுவதாக நினைத்தேன். இப்போது இரண்டு பேருமே என்னோடு பேசுவதில்லை. திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 3

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும்.

உன் பதினாறு தாளையும் டைப் செய்தேன். ஒரு விரல். பதினோரு நாள். உன் அக்கா செய்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

முதல் பக்கம் வெள்ளையாக வந்தது. ஐந்தாவது வரி என்று நீயே எழுதியிருந்தாய், மூடினேன், வந்தது. போனில் பார்த்தால் எழுத்து எறும்பு அளவு. அதைச் சரிசெய்யப் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம், தேடிப் படித்துச் சேர்த்தேன். ஃபார்மில் அனுப்பு என்ற பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. எழுதியது எங்கே போக வேண்டும் என்று நீ சொல்லவே இல்லை. தபால் பெட்டி வைத்தாய், தபால்காரனை வைக்கவில்லை. அது உனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சத்தத்துக்குப் பெட்டி வைத்தது சரி. ஊம் என்பதை இரண்டாகப் பிரி. தண்ணீர் இழுக்கும் ஊம் வேறு, மோட்டார் சிக்கிய ஊம் வேறு.

பட்டன் செய்தி ஒன்று வேலை செய்யவில்லை. பதினான்காவது வரியில் தப்பு என்று பிரவுசரே எடுத்துச் சொல்லியது. பார்த்தால் பதினான்காவது வரிதான்.

ஒரு மெஷின் கூடச் சொல்லிவிடுகிறது. நீ இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு அது உண்மை. கேஸ் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. உன் அக்காவிடம் கூடச் சொல்லவில்லை. என்ன ஞாபகம் வந்தது என்று இதில் எழுத மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எந்த வரியில் தப்பு?


ஜூன் 16

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உங்கள் விரல்களுக்கு எப்படி இருக்கிறது? இரண்டு வருடத்தில் இதை நான் உங்களிடம் நேராகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். இதை நேரில் சொல்வதுதான் நல்லது, காற்றோடு போகும். ஆனால் நீங்கள் இங்கே வர மாட்டீர்கள், வரச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. இதைத் தாளில் எழுதினால் என்ன ஆகும் என்று தையற்காரர் சொன்னார். "ஐயா படிப்பாரு, ஃபைல்ல வைப்பாரு, உன் மனு அதோட சரி. ஒரு மாசம் பொறுடா, விசாரணை முடிஞ்சதும் எழுதேன்" என்றார். அது நியாயமான பேச்சு. விடுதலை ஆன பிறகு எழுதினால் நீங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வீர்கள் என்று யோசித்தேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். ஐயாவுக்கு வணக்கம், அவர் தன் வேலையைச் செய்யட்டும்.

பிரேக் நன்றாகவே பிடித்தது அத்தான். நான்தான் அதை மிதிக்கவில்லை.

போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சினேகிதன் ஒரு ஜோக் அனுப்பியிருந்தான். பின்னால் மெஷின் ஆடுகிறது, மெதுவாகப் போ என்றீர்கள். சரி என்றேன். ஜோக்கைப் படித்துச் சிரித்தேன். "ரோட்டைப் பாருடா" என்றீர்கள். ஒரு நிமிஷம் அத்தான், இதைக் கேளுங்க என்று உங்களுக்குப் படித்துக் காட்டப் போனேன். அப்போதுதான் சுவர் வந்தது. என் முகத்துக்குக் கண்ணாடி வராமல் நீங்கள்தான் கையை நீட்டினீர்கள். அந்தக் கைதான்.

போலீஸ் கேட்டபோது பிரேக் என்று வாயில் வந்தது. வந்ததைப் பிடித்துக்கொண்டேன். அக்காவிடமும் அதையே சொன்னேன், அவள் நம்பினாள். அவள் எனக்குச் சொன்ன பொய்க்காக மே மாதம் கோபித்துக்கொண்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடுங்கள்.

அந்த ஜோக் என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை. எவ்வளவோ யோசித்தும் வரவில்லை.

ஊம் என்பதை இரண்டாகப் பிரித்துத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஃபார்மில் எழுதியது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை வகுப்பில் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

தங்கள்
மச்சான் என்று எழுத உரிமை உண்டா தெரியவில்லை


ஜூலை 14

அக்காவுக்கு,

நலம். மனு தள்ளுபடி. ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. என் கடிதத்தின் நகல் ஃபைலில் மேலாகவே இருந்தது. வக்கீல் என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐயா மட்டும் அறைவரை கூடவே நடந்து வந்தார். "நான் வைக்காம இருந்திருக்கலாம்பா" என்றார். உங்கள் வேலை ஐயா என்றேன்.

இனி வெளியே வர அடுத்த மார்ச் ஆகும். எட்டு மாதம் எட்டு மாதம்தான், பெரிய மனுஷன் மாதிரி பேசி என்ன பயன், அன்றைக்கு முழுக்க அழுதேன்.

ஜூன் கடிதத்துக்கு அத்தானிடமிருந்தும் பதில் இல்லை, உன்னிடமிருந்தும் இல்லை. பிரேக் என்று நம்பி நீ எத்தனை பேரிடம் எனக்காகப் பேசியிருப்பாய் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

வாலு


ஆகஸ்ட் 5

மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அக்கா உன் மேல் கோபமாக இருக்கிறாள், என் மேலும்தான். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாள். மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறோம். முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறாள், தேவலை. எழுத அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அவசரப்படுத்தாதே.

உன் கடிதத்தைப் படித்தேன். என் ஞாபகத்தில் இருப்பதும் அதுதான். கையை நீட்டியது எனக்கு ஞாபகம் இல்லை, நீ சொல்லித்தான் தெரியும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். எழுத வரவில்லை. இந்தக் கையால் சட்டைப் பட்டன் போட முடியாத காலை நேரங்களில் இன்னும் உன்னைத் திட்டுகிறேன். அது எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. மார்ச்சில் எங்கே தங்குவாய் என்று உன் அக்கா கேட்டாள். கடைக்கு மேலே அறை காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அதற்கு மேல் பேசவில்லை.

வெப்சைட்டை ஏற்றிவிட்டேன். ஃபார்முக்கும் தபால்காரன் கிடைத்துவிட்டான், எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன், நீயும் படித்துக்கொள். முதல் வாரத்தில் மூன்று பேர் எழுதினார்கள். இரண்டு கடகட, ஒரு மோட்டார் ஊம். திறப்பதற்கு முன்னாலேயே என்ன கோளாறு என்று சொல்லிவிட்டேன். மோட்டார் ஊம் என்று எழுதிய அம்மா என்னை மந்திரவாதி மாதிரி பார்த்தார்கள்.

ஒரு தப்பு இருக்கிறது. மஞ்சள் பட்டனில் கடை நம்பரின் கடைசி எண்ணை ஏழு என்று போட்டிருக்கிறாய். சரியான எண் ஒன்று. இப்போது அழுத்தினால் யாரோ ஒரு பல் டாக்டருக்கு மணி அடிக்கிறது, அவரும் பொறுமையாக என் நம்பரைச் சொல்லி அனுப்புகிறார்.

நாற்பத்திரண்டாவது வரி. நானே திருத்தியிருப்பேன், ஒரு விரல் போதும். திருத்தவில்லை. நீ எழுதி அனுப்பு.

அத்தான்